கடைத் தராசுக்கு முத்திரை உண்டு, கேள்வித்தாளுக்கு?

வீட்டுக்கு வீடு நடக்கும் கணக்கெடுப்புகளுக்குப் படிவம் தயாரிக்கும் அன்பர்களுக்கும், அந்தப் படிவங்களுக்கு ஒப்புதல் கையெழுத்துப் போடும் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

22 ஆண்டுகளாக, நீங்கள் எழுதும் கேள்விகளைத் தென்மாவட்டத் தெருக்களில் தூக்கிக்கொண்டு அலைகிறவள் நான். தொடங்கியபோது அட்டையில் செருகிய காகிதப் படிவம், இப்போது டேப்லெட். தோளில் தொங்கும் பை மட்டும் மாறவில்லை. பையோடு வாசலில் வந்து நிற்கும் பெண்ணை எங்கள் பக்கத்து ஊர்களில் "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார்கள். நான் டீச்சர் இல்லை. ஆனாலும் இத்தனை ஆண்டு அப்படிக் கேட்டுப் பழகியதில், இந்த ஒரு முறை உங்களுக்குப் பாடம் நடத்தலாம் என்ற துணிச்சல் வந்துவிட்டது.

சில மாதங்களுக்கு முன் நான் மேற்பார்வை செய்த ஒரு கணக்கெடுப்பில், பசி பற்றிய பகுதியில் இப்படி ஒரு கேள்வி: "கடந்த 12 மாதங்களில் உங்கள் குடும்பத்தின் உணவுப் பாதுகாப்பு குறித்து நீங்கள் கவலைப்பட்டதுண்டா?" கேட்டவள் புதிதாகச் சேர்ந்த பெண். எதிரே மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்த அக்கா, கையை நிறுத்தாமலே பதில் சொன்னார்: "கவலைப்படாமல் எப்படி டீச்சர்? எறும்பு தாங்க முடியவில்லை. சோற்றுப் பானையைத் தண்ணீர்த் தட்டில்தான் வைக்கிறேன். பூனைத் தொல்லை வேறு." அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். திரையில் இரண்டே கட்டங்கள்: ஆம், இல்லை. அக்கா சொன்னது "ஆம்"தானே?

அக்கா மேல் தவறில்லை. ஹோட்டல் சாம்பாரைச் சோதிக்க வரும் துறைக்கு நம் ஊரில் உணவுப் பாதுகாப்புத் துறை என்றுதான் பெயர். படிவம் எழுதியவர் மனத்தில் இருந்தது வேறு: கையில் காசில்லாமல் சாப்பாடு போதாமல் போய்விடுமோ என்ற பயம். அதை அந்தச் சொற்களிலேயே கேட்டிருக்கலாம். அன்று மாலையே மாற்றிச் சொல்லும் வாசகத்தை எழுதி அனுப்பினேன். "படிவம் இறுதி செய்யப்பட்டுவிட்டது" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அந்த ஊரில் எத்தனை வீடுகளில் பசி பதிவானது, எத்தனை வீடுகளில் எறும்பு பதிவானது என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அடுத்த மாதம் ஒரு அறிக்கை வந்தது. என் குழுவில் இருக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் மதிப்பெண் போட்டிருந்தார்கள். எந்த இடத்தில் நின்று பேட்டி எடுத்தாள், எத்தனை நிமிடம் எடுத்தாள், எத்தனை "தெரியாது" போட்டாள், எல்லாம் கணக்கில் இருந்தது. எங்களைச் சோதிப்பதில் எனக்கு வருத்தமே இல்லை. மரத்தடியில் உட்கார்ந்து பத்து வீட்டுப் படிவத்தைத் தானே நிரப்பியவர்களையும் நான் பிடித்திருக்கிறேன். ஆனால் கேட்பவளைச் சோதிக்கும் நீங்கள், கேள்வியைச் சோதித்தீர்களா? இந்த மடல் முழுவதும் எனக்குக் கேட்க இருப்பது இந்த ஒன்றைத்தான்.

எங்கள் தெரு மளிகைக் கடையில் இருக்கும் மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போட்டாக வேண்டும். இரும்பு எடைக்கல்லுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் வந்து பார்க்கிறார்கள். முத்திரை இல்லையென்றால் அபராதம். கால் கிலோ துவரம்பருப்புக்கு இத்தனை காவல். ஒரு மாவட்டத்துக்கு எத்தனை கோடி ஒதுக்குவது என்று தீர்மானிக்கும் கேள்வித்தாளுக்கு ஒரு முத்திரையும் கிடையாது.

தராசில் இரண்டு விதக் கோளாறு உண்டு என்பது கடைக்காரருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். ஒன்று, எப்போது வைத்தாலும் 50 கிராம் கூட்டியே காட்டும். இன்னொன்று, அதே பொருளை மூன்று முறை வைத்தால் மூன்று எடை காட்டும். உங்கள் பாடப்புத்தகங்கள் முதலாவதை ஏற்புடைமைக் குறை என்றும் இரண்டாவதை நம்பகத்தன்மைக் குறை என்றும் சொல்கின்றன. முன்னது ஆபத்தானது, ஏனென்றால் அது ஒழுங்காக நடந்துகொள்ளும். எத்தனை முறை திருப்பிக் கேட்டாலும் பீடி சுற்றும் அக்கா எறும்பைத்தான் சொல்லுவார். பதில்கள் ஒத்துப்போகின்றன என்று நீங்களும் மகிழ்ச்சியாக இருப்பீர்கள்.

பின்னது பற்றி ஒரு தவறான ஆறுதல் உங்களிடையே உலவுகிறது. ஒருத்தி கூட்டி அளப்பாள், ஒருத்தி குறைத்து அளப்பாள், ஆயிரம் பேரைச் சேர்த்தால் சரியாகிவிடும் என்பீர்கள். சராசரிக்கு அது பொருந்தும். வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகள் நூற்றுக்கு எத்தனை பேர் என்று கேட்டால் பொருந்தாது. எப்படி என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

இரண்டு வயதுக் குழந்தையின் உயரத்தை அளப்பதை நீங்கள் நேரில் பார்த்திருக்கிறீர்களோ என்னவோ. அங்கன்வாடித் தரையில் பலகையை விரிப்போம். இரண்டு வயது நிரம்பாத குழந்தையைப் படுக்க வைத்து அளக்க வேண்டும், நிரம்பியதை நிற்க வைத்து. குழந்தை பலகையைப் பார்த்ததும் ஊசி போடப்போகிறார்கள் என்று நினைத்து அலறும். ஒருத்தி தலையைப் பிடிக்க வேண்டும். கண்ணும் காதும் ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். இன்னொருத்தி முழங்காலை அழுத்தி, பாதத்தில் பலகையைத் தள்ள வேண்டும். உச்சியில் பாட்டி ஆசையாகப் போட்ட குடுமியும் அதில் ஒரு முழம் கனகாம்பரமும் இருக்கும். அவிழ்க்கச் சொன்னால் பாட்டிக்குக் கோபம் வரும். அவிழ்க்காவிட்டால் அரை சென்டிமீட்டர் கூடும். படுக்க வைத்து அளந்தால் நிற்க வைத்து அளப்பதைவிட ஏறத்தாழ 0.7 சென்டிமீட்டர் கூட வரும் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. எந்த நிலையில் அளந்தோம் என்று குறிக்க உங்கள் படிவத்தில் இடம் விட்டிருந்தால் நல்லது. ஒரு படிவத்தில் விடவில்லை. ஓரத்தில் பேனாவால் எழுதச் சொன்னேன், அது கணினிக்குள் போகவே இல்லை.

சரியாக இரண்டு வயதான பெண் குழந்தை நின்ற நிலையில் 79.3 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் வளர்ச்சி குன்றியவள். அந்தக் கோட்டின் பக்கத்தில் நிற்கும் குழந்தைக்கு அரை சென்டிமீட்டர் என்பது தலைவிதி. அதைவிடப் பெரிய வம்பு வயது. அந்தப் பருவத்தில் குழந்தை மாதத்துக்கு முக்கால் முதல் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. பிறந்த தேதியை ஒரு மாதம் தள்ளி எழுதினால், நாங்கள் மில்லிமீட்டர் பார்த்து அளந்த உழைப்பெல்லாம் ஆற்றில் கரைத்த புளி.

இப்போது கணக்கு. ஓர் ஊர்க் குழந்தைகளின் உயரம், அந்த அட்டவணையின் அலகில் (அதே வயதின் நடு உயரம் பூஜ்யம், அதற்குக் கீழே போனால் மைனஸ்), சராசரியாக மைனஸ் 1.2 என்றும், சராசரியிலிருந்து சிதறி நிற்கும் அளவான பரவல் 1 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். வளர்ச்சி குன்றியதற்கான கோடு மைனஸ் 2. அதற்குக் கீழே இருப்பவர்கள் நூற்றுக்கு 21 பேர். அதே ஊர், அதே குழந்தைகள், அதே சராசரி. ஆனால் அளப்பவர்களின் கை இங்குமங்கும் ஆடியதில் பரவல் 1.4 ஆகிவிடுகிறது. இப்போது நூற்றுக்கு 28. ஒரு குழந்தையும் குட்டையாகவில்லை. பலகை ஆடியது, அவ்வளவுதான். அடுத்த முறை பயிற்சி கொஞ்சம் நன்றாக அமைந்து பரவல் சுருங்கினால், திட்டம் வெற்றி பெற்றதாக விழா எடுப்பார்கள்.

எடைக்கும் இதே கதைதான். கொலுசும் அரைஞாணும் தாயத்தும் பெரிய எடையில்லை. ஸ்வெட்டரும் நனைந்த ஜட்டியும் தராசைச் சாய்த்துவிடும். நான் பையில் முத்திரை வைத்த 5 கிலோ எடைக்கல் ஒன்று வைத்திருக்கிறேன். சொந்தக் காசில் வாங்கியது. ஒவ்வோர் ஊரிலும் வேலை தொடங்கும் முன் தராசில் அதை வைப்பேன். ஒரு முறை 5.3 காட்டியது. அந்தத் தராசு அதற்கு முன் 4 ஊர்களில் வேலை செய்திருந்தது.

நம் நாட்டுக்கு இந்தச் சோதனை புதிதில்லை என்பதுதான் என் ஆற்றாமை. சுதந்திரத்துக்கு முன்பே வங்காளத்தில் பயிர் விளைச்சலை மாதிரி எடுத்து அளந்த புள்ளியியலாளர் மஹலனோபிஸ், ஒரே பகுதிக்கு இரண்டு தனித்தனிக் குழுக்களை அனுப்பி, இரண்டின் முடிவையும் அருகருகே வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அந்த இடைவெளியே பிழையின் அளவு. அதே காலத்தில் இன்னொரு புள்ளியியலாளர் சுகாத்மே இன்னொன்றைக் காட்டினார்: அறுத்துப் பார்க்கும் துண்டு நிலம் மிகச் சிறிதாக இருந்தால் விளைச்சல் கூடுதலாகத் தெரியும். காரணம் எளியது. கயிறு கட்டிய எல்லையில் நிற்கும் பயிரை உள்ளே சேர்ப்பதா, வெளியே விடுவதா என்று குழம்பும் கை, உள்ளே சேர்க்கத்தான் பார்க்கும். துண்டு சிறுக்கச் சிறுக்க, பரப்போடு ஒப்பிட எல்லை நீளும். இன்றும் நெல்வயலில் 5-க்கு 5 மீட்டர் அளந்து முளையடித்து அறுக்கிறார்கள். அறுப்பவன் நேர்மையை மட்டும் நம்பாமல், அளவு கருவியின் வடிவத்தையே கேள்வி கேட்ட மனிதர்கள் அவர்கள். அவர்கள் படங்கள் உங்கள் அலுவலகச் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கலாம்.

கேள்வியின் வடிவம் என்ன செய்யும் என்பதற்கு நாடே பார்த்த சான்று ஒன்று இருக்கிறது. குடும்பச் செலவை "கடந்த 30 நாள்" என்று கேட்பது தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் பழைய வழக்கம். 1990-களின் நடுவில், சில வீடுகளில் சாப்பாட்டுச் செலவை "கடந்த 7 நாள்" என்று கேட்டுப் பார்த்தார்கள். செலவு கூடுதலாக வந்தது. அந்தக் கணக்கை எடுத்திருந்தால் ஏழைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகியிருக்கும். இதுவரை நல்ல சோதனை. பிறகு 1999-2000 கணக்கெடுப்பில் இரண்டு கேள்விகளையும் ஒரே வீட்டில், ஒரே தாளில், அருகருகே வைத்துவிட்டார்கள். 7 நாளைக்கு அரை லிட்டர் எண்ணெய் என்று சொன்னவர், 30 நாளைக்கு என்ன சொல்வார்? மனத்துக்குள் நான்கால் பெருக்கி இரண்டு லிட்டர் என்பார். அவர் பெருக்காவிட்டால் கணக்கெடுப்பவர் பெருக்கிவிடுவார். இரண்டும் ஒத்துவராவிட்டால் மேற்பார்வையாளர் திட்டுவார் என்ற பயம். 1993-94-இல் 36 சதவீதமாக இருந்த வறுமை அந்த ஆண்டு 26.1 சதவீதம் என்று வந்தது. உண்மையில் எவ்வளவு குறைந்தது என்று பொருளாதார அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் சண்டை போட்டார்கள். எல்லாம் ஒரு பக்கத்தில் இரண்டு பத்திகள் அருகருகே நின்றதால்.

எண்ணெய் பற்றிப் பேசும்போது ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் கூலி வேலைக்குப் போகிறவர்கள் மாதம் என்று கணக்கு வைப்பதில்லை. வாரச் சந்தை, சனிக்கிழமைக் கூலி, அதுதான் கணக்கு. அரசு ஊழியர் வீட்டில் முதல் தேதி மளிகைச் சீட்டு இருக்கும். ஒரே கேள்வி, இரண்டு வீட்டிலும் இரண்டு விதமாக மறக்கப்படும்.

வயதுக்கு வருவோம். ஒரு பாட்டியிடம் வயது கேட்டால் "அறுபது என்று போட்டுக்கொள் தாயே" என்பார். அடுத்த வீட்டுப் பாட்டியும் அறுபது. எண்ணிக்கை 0-விலும் 5-இலும் போய்க் குவியும். இதை அளக்கவே விப்பிள் குறியீடு என்று ஒன்று இருக்கிறது. குவியலே இல்லாவிட்டால் 100, எல்லாருமே 0, 5 என்று சொன்னால் 500. இதற்கு மருந்தும் உண்டு. தனுஷ்கோடியைக் கடல் கொண்ட புயலின்போது உங்களுக்கு நினைவு தெரியுமா, அண்ணா இறந்தபோது கல்யாணம் ஆகியிருந்ததா, எம்.ஜி.ஆர். இறந்தபோது மூத்த பிள்ளைக்கு என்ன வயது என்று ஒவ்வொன்றாகக் கேட்டால், 1964, 1969, 1987 என்று ஆணி அடித்ததுபோல் வயது வந்து நிற்கும். பாட்டிக்கும் பேச்சுத் துணை கிடைத்த மகிழ்ச்சி. ஆனால் இதற்கு ஐந்து நிமிடம் ஆகும். உங்கள் டேப்லெட் வயதுக் கேள்விக்குச் சில வினாடிகளே ஒதுக்கியிருக்கிறது. கூடினால் என் பெண்ணின் பெயருக்கு எதிரே சிவப்புக் கொடி விழுகிறது.

பெண்களின் வேலை பற்றிய கேள்வியை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. "நீங்கள் வேலை செய்கிறீர்களா?" என்று கேட்கிறது படிவம். "இல்லை, சும்மா வீட்டில்தான் இருக்கிறேன்" என்று சொல்கிறார், இரண்டு எருமை கறந்து சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வந்த அம்மா. கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அந்தச் "சும்மா" இன்னும் உறுதியாக வரும். 2019-இல் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இந்த மாதிரிக் கேள்வியோடு நிற்கவில்லை. விடியற்காலை 4 மணியில் தொடங்கி மறுநாள் 4 மணிவரை, அரை மணிக்கு அரை மணி என்ன செய்தீர்கள் என்று கேட்டது. ஊதியமில்லாத வீட்டு வேலை செய்த பெண்கள் அதற்குச் செலவிட்டது நாளுக்குச் சராசரி 299 நிமிடம். செய்த ஆண்கள் 97. "சும்மா" என்ற சொல்லுக்குள் ஐந்து மணி நேரம் இருந்திருக்கிறது. 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் உழைப்புச் சந்தையில் இருப்பவர்கள், அதாவது வேலை செய்பவர்களும் வேலை தேடுபவர்களும், 2017-18-இல் 23.3 சதவீதம், 2023-24-இல் 41.7 சதவீதம் என்று அரசுக் கணக்கு சொல்கிறது. இந்த ஏற்றத்தில் வேலைக்குப் போகத் தொடங்கியவர்கள் எத்தனை பேர், துருவிக் கேட்கப் பழகிய கணக்கெடுப்பாளர்களால் வெளியே வந்தவர்கள் எத்தனை பேர் என்று உங்களில் யாராவது பிரித்துக் காட்டினால் அந்தக் கட்டுரையை என் குழுவுக்கு வாசித்துக் காட்டுவேன்.

ரத்தசோகை பற்றி நீட்டப்போவதில்லை. விரலில் குத்தி எடுக்கும் துளியை அழுத்திப் பிழிந்தால் திசு நீர் கலந்து ஹீமோகுளோபின் அளவு குறைவாகத் தெரியும் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். குளிர்ந்த விரலில் ரத்தம் வராது, பின்னால் பத்துப் பேர் வரிசையில், பிழியாமல் என்ன செய்வாள்? 2015-16 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 6 மாதம் நிரம்பிய, 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 58.6 சதவீதம் ரத்தசோகை. கிட்டத்தட்ட அதே காலத்தில், சிரையில் ரத்தம் எடுத்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் 1 முதல் 4 வயதுவரை 41 சதவீதம். வயது வரம்பும் பரிசோதனை முறையும் வேறு என்பது தெரிந்துதான் சொல்கிறேன்.

டேப்லெட்டைப் பற்றி ஒரு புகார். காகிதத்தில் ஒரு நன்மை இருந்தது: பதில் தெரியாவிட்டால் காலியாக விட்டு ஓரத்தில் காரணம் எழுதலாம். இப்போது எண்ணை நிரப்பாமல் அடுத்த திரைக்குப் போக முடியாது. "தெரியாது" என்ற கட்டத்தை எடுத்துவிட்டால் தெரியாதவர்கள் குறைந்துவிடுவார்கள் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். நிலத்தின் பரப்பு தெரியாத விதவைத் தாய் வீட்டில் என் பெண் "1 ஏக்கர்" என்று போட்டாள். ஏன் என்று கேட்டேன். "பூஜ்யம் போட்டால் ஏற்கவில்லை அக்கா" என்றாள். உங்கள் அலுவலகத் திரையில் அந்த 1, அளந்து எழுதிய மற்ற எண்களோடு தோளோடு தோள் நின்றுகொண்டிருக்கும்.

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. தமிழாக்கம் வந்ததும், அதை எழுதாத இன்னொருவரிடம் கொடுத்து ஆங்கிலத்துக்குத் திருப்பச் சொல்லுங்கள். உணவுப் பாதுகாப்பு அங்கேயே மாட்டியிருக்கும், அல்லது மாட்டியிருக்காது; அதனால் அதோடு நிறுத்தாதீர்கள். படிப்பில்லாத பத்துப் பேரிடம் கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலை விட்டுவிட்டு, "நான் என்ன கேட்டேன் என்று உங்களுக்குப் புரிந்தது?" என்று கேளுங்கள். கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்யும் முன்சோதனை எங்களுக்கு வேண்டாம். நூறில் ஐந்து குழந்தைகளையாவது வேறு இருவர் மறுபடி அளக்கட்டும். முதல் அளவு அவர்கள் கண்ணில் படக்கூடாது. வந்த வித்தியாசத்தை அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் புதைக்காமல், சதவீதத்துக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள். படிவத்துக்கு இத்தனை ரூபாய் என்று கூலி பேசாமல் நாளுக்கு இத்தனை என்று கொடுங்கள். படிவத்துக்குக் கூலி என்றால், தனுஷ்கோடிப் புயலைப் பற்றிக் கேட்க எந்தப் பெண்ணுக்கும் நேரம் இருக்காது.

அடுத்த கணக்கெடுப்புக்கான பயிற்சி தை மாதம் பொங்கலுக்குப் பிறகு என்று சொல்லியிருக்கிறார்கள். வழக்கம்போல நட்சத்திர ஹோட்டல் கூடத்தில் மூன்று நாள், படக்காட்சியோடு. அதில் ஒரு நாளை மட்டும் எங்களுக்குத் தாருங்கள். படிவம் எழுதியவரே காலை ஏழு மணிக்கு எங்களோடு கிளம்பட்டும். எட்டரைக்குள் போனால்தான் வயல் வேலைக்குப் போகும் முன் ஆள்களைப் பிடிக்கலாம். அந்த அக்கா திண்ணையில்தான் இருப்பார். கேள்வியை அவரே கேட்கட்டும், நாங்கள் பேசமாட்டோம். தராசும் பலகையும் நீங்கள் கொண்டுவாருங்கள். எடைக்கல்லை நான் கொண்டுவருகிறேன். அதன் முத்திரை அடுத்த ஆடிவரை செல்லும்.

இப்படிக்கு,
உங்கள் கேள்விகளைச் சுமக்கும்
ஒரு களமேற்பார்வையாளர்